அந்தோனியாரிடம் சேராத படம்

ஒனோரினாவின் வீட்டுத் தபால் பெட்டியில் என் பெயர் ஏறிய நாள் ஏப்ரல் பத்தொன்பது. அவரே எழுதினார். இத்தாலியில் அந்த மலையூரில் முப்பத்தோரு வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா. எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். தன் பெயருக்குக் கீழே 'ஜந்தீரா செஸ்கோன்' என்று எழுதி, மழை படாமல் மேலே ஒரு கண்ணாடி நாடாவை ஒட்டி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"பெட்டியில பேர் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். நேத்து வரைக்கும் நீ விருந்தாளி. இன்னிக்கு நீ இந்த ஊர்ல இருக்கே," என்றார்.

நான் பிரேசிலின் தெற்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். என் தாத்தா ஏழு வயதில் இந்த ஊரிலிருந்துதான் தன் பெற்றோரோடு கப்பலேறிப் போனார். அவருடைய ஞானஸ்நானச் சீட்டையும் திருமணப் பத்திரத்தையும் மற்றதையும் பத்து வருடம் தேடிச் சேர்த்தவர் என் அப்பா. சேர்த்து முடித்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த உறையை எடுத்துக்கொண்டு, தாத்தா வழியில் இத்தாலியக் குடியுரிமை கேட்க நான் வந்தேன். எனக்குக் கிடைத்தால் என் மகள் தய்னாராவுக்கும் கிடைக்கும். அவள் அங்கே தாதியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள்.

விதி இதுதான். வந்தவர்களுக்கு முதலில் தொண்ணூறு நாள். அதற்குள் நகராட்சிக் காவலர் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வீட்டுக்கு வந்து, என்னைக் கண்ணால் பார்த்து, 'இவர் இங்கே குடியிருக்கிறார்' என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால்தான் உறையை நகராட்சியில் கொடுக்க முடியும். கொடுத்த பிறகுதான், குடியுரிமை வரும்வரை இங்கேயே தங்கிக்கொள்ள அனுமதி கேட்க முடியும். வரி இல்லையென்றால் தொண்ணூற்றோராம் நாள் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒன்பது வருடச் சேமிப்பை விமானத்துக்குக் கொடுத்து வந்தவளுக்கு இரண்டாவது முறை வர வழியில்லை.

எனக்குத் தெரிந்த இத்தாலியம் தாத்தா வீட்டில் பேசியதுதான். ஒனோரினா அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். "எங்க கொள்ளுப்பாட்டி குழியிலேர்ந்து எழுந்து வந்து காப்பி கேக்கற மாதிரி இருக்கு," என்பார்.

அவர் கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் லோரிஸ் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தான். அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் பலரும் செய்கிற தொழில். முன்பே திருமணமாகி விலகிய ஒரு பெண்ணை அவன் அங்கே மணந்துகொண்டான். கோவிலில் நடக்காத கல்யாணம் என்று ஒனோரினா போகவில்லை. அதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சில்லை. இதெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதல்ல. உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒரு வாக்கியம், துணி மடிக்கும்போது ஒரு வாக்கியம்.

சுற்றியுள்ள ஊர்களில் என்னைப் போலக் காத்திருப்பவர்கள் பதினொரு பேர் இருந்தோம். கைபேசியில் ஒரு குழு. காவலர் பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாராம். படுக்கையில் கை வைத்துச் சூடு பார்ப்பாராம். குளிர்பெட்டியைத் திறந்து முட்டை எண்ணுவாராம். நான் இருபத்துமூன்று நாள் வீட்டைவிட்டு ஞாயிறு பூசைக்குத் தவிர நகரவில்லை. பூசையிலும் பின் வரிசையில் உட்கார்ந்து, காவலர் சில்வானோ கோவிலுக்குள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வேன். இருந்தால் நிம்மதியாக ஜெபிப்பேன்.

குழுவில் வல்தெசீர் என்று ஒருவன். எல்லோர் வீட்டுக்கும் காவலர் வந்த கிழமையை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தான். என்னை எங்கள் ஊர் மரியாதைப்படி 'தோனா' என்பான்.

"தோனா ஜந்தீரா, கேளுங்க. செவ்வாய் நாலு, வியாழன் மூணு, புதன் ரெண்டு. சனிக்கிழமை சைபர். சனிக்கிழமை வேலை பாக்கற அரசாங்க ஆளு இன்னும் பொறக்கல. கடலுக்குப் போறோம். நீங்க வர்றீங்க. மறுபேச்சு இல்ல."

"சிஞ்ஞோரா கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"வீட்டுக்காரம்மாவுக்கா பயப்படறீங்க? நாப்பத்தாறு வயசாச்சு!"

பயமில்லை, வெட்கம். என் பொருட்டு அவர் நகராட்சியில் கையெழுத்திட்டிருந்தார். 'இவள் என் வீட்டில்தான் இருப்பாள்' என்று அந்த மேசையில் தட்டிச் சொன்னவர். அவரிடம் போய், 'வறுத்த மீன் தின்னப் போகிறேன், என் மொழியில் நாலு வார்த்தை சிரித்துப் பேசப் போகிறேன்' என்று எப்படிச் சொல்வது? அவர் தடுத்திருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் மறுக்கவே முடியாத ஓர் இடத்தைத் தேடினேன். புனித அந்தோனியாரின் கல்லறை இருக்கும் பதுவை நகரம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது சொன்னேன்:

"நாளைக்குப் பதுவைக்குப் போய் அந்தோனியாரைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

ஒனோரினாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஓர் உறையோடு வந்தார்.

"கல்லறை மேல கை வைப்பாங்க இல்ல, அந்தப் பக்கத்துல எல்லாரும் படம் வச்சிருப்பாங்க. நோயாளி, காணாமப் போனவங்க. இதையும் வச்சிடு. நான் போகணும். ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

உறைக்குள் ஒரு பழைய புகைப்படம். பத்து வயதுப் பையன், அம்மாவின் தபால் தொப்பியைக் காது மறையப் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நிமிடத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். நான் உறையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சிரித்தோம், ஆடினோம், மீன் தின்றோம். நான் கைப்பையை மணலில் ஒரு துண்டின்மேல் வைத்துவிட்டு, அலை வரும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். "உள்ள என்ன தங்கமா?" என்று வல்தெசீர் கேட்டான். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பதுவைக்குப் போனவர்கள் ஆசீர்வதித்த ரொட்டி கொண்டுவராமல் வரமாட்டார்கள். நிலையத்துக் கடையில் ஒரு உருண்டை ரொட்டி வாங்கினேன். கடையின் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் சுத்தமான கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

அந்தக் கைக்குட்டையைச் சுற்றியபோது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

கதவைத் திறந்ததுமே ஒனோரினா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வந்துட்டுப் போயிட்டான்! சில்வானோ!"

நான் நாற்காலியைத் தேடினேன்.

"உக்காரு, உக்காரு. பயப்படாதே, எழுதிட்டான். முதல்ல உன் ரூமப் பாத்தான், செருப்பைப் பாத்தான். 'ஆளு எங்க சிஞ்ஞோரா'ன்னான். 'பதுவைக்குப் போயிருக்கா, என் லோரிஸ் படத்தை எடுத்துக்கிட்டு'ன்னேன். அவனும் லோரிஸும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க, தெரியுமா? அப்புறம், 'ஆளைப் பாக்காம எழுதக்கூடாது. ஆனா அந்தோனியார் கிட்ட போனவளை நான் காக்க வச்சா நல்லாவா இருக்கும்'னு சொல்லிட்டு, 'வீட்டில் இருந்தார், பார்த்தேன்'னு எழுதிட்டான்."

அவர் என் முகத்தைக் கவனித்தார்.

"ஐயோ, மூஞ்சியெல்லாம் வெந்து போயிருக்கே!"

"வரிசையில நின்னேன். வெயில்."

"அவ்வளவு கூட்டமா?" குளிர்பெட்டியிலிருந்து தயிரை எடுத்து வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் விரலாலேயே என் நெற்றியிலும் மூக்கிலும் தடவினார். "கல்லு எப்படி இருந்துச்சு? சில்லுன்னு இருந்துச்சா?"

"சில்லுன்னு இருந்துச்சு."

"படம்?"

"வச்சுட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். தயிர் கண்ணில் படாமல் இருக்கத்தான் மூடினேன் என்று அவர் நினைத்திருப்பார். ரொட்டியை ஒன்பது துண்டாக வெட்டினார். அக்கம்பக்கத்துக்கு ஏழு, சில்வானோவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தன் துண்டை முழங்காலிட்டுத் தின்றார்.

இதோடு போயிருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. ஒனோரினா எடுத்து, "யாரு?" என்றார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். பத்து நிமிடம் அவர் பேசியதெல்லாம் "ஆமா", "சரி", "நல்லா சாப்பிடறியா" மட்டும்தான். வைத்த பிறகு கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"லோரிஸ். செவ்வாய்க்கிழமை, பாத்தியா? அந்தோனியாரோட கிழமை! நீ படத்தை வச்ச மூணாம் நாள்!"

அன்று மத்தியானம் எனக்காகப் பீட்ரூட் அடைத்து, வெண்ணெயும் கசகசாவும் மேலே தூவும் அந்த மாவுப் பண்டத்தைச் செய்தார். விருந்துக்கு மட்டும் செய்வது. என் தட்டில் அவர் தட்டைவிட இரண்டு அதிகம். ஒவ்வொன்றையும் விழுங்க நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ஊர் சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு பிளாசிதோ அந்த ரொட்டித் துண்டைத் தின்றதிலிருந்து முழங்கால் வலி குறைந்துவிட்டதாகச் சொல்லி, படிக்கட்டில் ஏறி இறங்கிக் காட்டினார். பூசை முடிந்து வெளியே வந்தால் இரண்டு பெண்கள் என் கையில் படங்களைத் திணித்தார்கள். "அடுத்த தடவை போறப்ப, சிஞ்ஞோரா." யாரும் என்னை அதற்கு முன் அந்த ஊரில் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதில்லை. 'பிரேசில்காரி' என்றுதான் சொல்வார்கள்.

சில்வானோ எழுதிய வரியைக் கொண்டு என் பெயர் குடியிருப்போர் பதிவில் ஏறியது. அப்பாவின் உறையை நகராட்சியில் கொடுத்தேன். தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க நான்கு புகைப்படம் வேண்டும் என்றார்கள். நிலையத்து இயந்திரத்தில் எடுத்தேன், ஆறு வந்தது. எல்லாம் சுலபமாக நடந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஞாயிறுதோறும் எல்லோரும் பீடத்தருகே நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது, இந்தப் பாவத்தோடு வாங்கக்கூடாதென்று நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் ஒனோரினா கேட்டார்.

"ஏன் போகல?"

"வயிறு சரியில்ல."

வீட்டுக்கு வந்து சீரகத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் படத்தை உறையிலிருந்து எடுத்தேன். ரகசியமாகப் பதுவைக்குப் போய் வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அப்போதுதான் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அச்சுப்போன்ற அந்த எழுத்தில் ஒரே வரி: 'லோரிஸ். தவறு என்னுடையது. அம்மா.'

வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் இந்த வரியை எழுதத் துணிந்து, கடைசியில் எழுதி, மனிதன் கையில் கொடுக்க வெட்கப்பட்டு, புனிதர் கையில் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் அதைக் கடற்கரை மணலில் வைத்துவிட்டு ஆடியிருக்கிறேன். அதன் பிறகு பதுவைக்குப் போகும் யோசனை என்னை விட்டுப் போய்விட்டது. ரகசியமாக வைத்தால் அது இன்னொரு கைக்குட்டை ரொட்டிதான்.

ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை. எனக்கு ஐம்பத்திரண்டாவது நாள். ஒனோரினா சமையலறையில் நீல உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பதிமூணாம் தேதி அந்தோனியார் திருநாள். கோவில் பஸ்ல நம்ம ரெண்டு பேருக்கும் இடம் சொல்லிட்டேன். இப்ப எனக்குப் போக மூஞ்சி இருக்கு. நீ எங்க வச்சேன்னு எனக்குக் காட்டணும். அந்த இடத்துல நானும் கை வைக்கணும்."

நான் என் அறைக்குப் போய் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

"நான் பதுவைக்குப் போகல, சிஞ்ஞோரா. கடலுக்குப் போனேன்."

அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உறையைத் திறந்தார். பையனைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"இதப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"போன வாரம். மன்னிச்சிடுங்க."

அவர் உட்கார்ந்தார். நானும் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். வெகுநேரம் அந்தப் படத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப அந்த ரொட்டி?" என்றார் கடைசியில்.

"ஸ்டேஷன் கடை ரொட்டி."

"பிளாசிதோ முழங்கால்..." என்று தொடங்கினார். அவர் உதடு ஒருபக்கமாக இழுத்தது. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துவிட்ட கோபத்தில் மேசையைத் தட்டினார். "சிரிக்க வைக்காதே! சிரிக்கற விஷயமா இது? முழங்காலிட்டுத் தின்னேனே நான்!"

"தெரியும்."

"தெரியும்னு நின்னு பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமா."

அவர் எழுந்து, தேய்த்த உடுப்பை ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "செருப்பை மாட்டு. நகராட்சிக்குப் போறோம். சில்வானோ என் வார்த்தைய நம்பித்தான் எழுதினான். முப்பத்தோரு வருஷத்துல தெரிஞ்சே ஒரு தபாலை நான் தப்பான கதவுல போட்டதில்ல."

"நான் தனியாப் போறேன். நீங்க எதுக்கு வெக்கப்படணும்?"

"தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவே. நானா இருந்தா திரும்பிடுவேன்."

சில்வானோ அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, பெரிய உடம்பு, சின்னக் குரல். மூன்று மலையூர்களுக்கு அவர் ஒருவர்தான் காவலர். ஒனோரினாவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மே பதினோராந் தேதி நான் உங்கிட்ட சொன்னது பொய், சில்வானோ," என்றார் ஒனோரினா.

"அவங்களுக்குத் தெரியாது, ஐயா. பொய் சொன்னது நான். நான் பதுவைக்குப் போகல. கடலுக்குப் போனேன்."

"கடலுக்கா?" சில்வானோவின் கத்தி நின்றது. "மே மாசத்துலயா? தண்ணி ஐஸ் மாதிரி இருந்திருக்குமே!"

"கணுக்கால் வரைக்கும்தான் இறங்கினேன்," என்றேன்.

அவர் ஆப்பிளைக் காகிதத்தின்மேல் வைத்து, கையைத் துடைத்து, அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்துத் திறந்தார். தான் எழுதிய வரியை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க கடலுக்குப் போனது குத்தம் இல்ல. ஒரு நாள் வெளிய போனா குடியிருக்கலன்னு ஆகாது. அன்னிக்கு 'ஆள் இல்லை, மறுபடி வருவேன்'னு எழுதியிருந்தா எல்லாம் ஒழுங்கா இருந்திருக்கும். பாக்காத ஆளைப் பாத்தேன்னு எழுதினேன் பாருங்க, அதுதான் குத்தம். அது என் கையெழுத்து."

"உனக்குப் பாதகம் வருமா?" என்றார் ஒனோரினா.

"திட்டுவாங்க. திட்டட்டும். ஒரு மாசமா இந்தக் கோப்பு இருக்கற அலமாரிய நான் நேராப் பாக்கல."

பிறகு நாட்காட்டியை இழுத்து விரலால் எண்ணினார். அந்த வரியை அவர் திரும்பப் பெற வேண்டும். பதிவு ரத்தாகும், அப்பாவின் உறை என்னிடமே திரும்பி வரும். புதிதாகச் சோதிக்கச் சட்டம் அவருக்கு நாற்பத்தைந்து நாள் கொடுக்கிறது. அது ஜூலை இருபத்துமூன்று. என் தொண்ணூறு நாள் முடிவது ஜூலை பதினாறு.

"அதுக்கு முன்னாடி வரப் பாக்கறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன், என்னிக்குன்னும் சொல்ல மாட்டேன். ஏற்கனவே ஒரு தடவை தயவு பாத்து எழுதி இப்படி உக்காந்திருக்கேன்."

"சரி, ஐயா," என்றேன். தய்னாராவின் முகம் வந்து போனது. அப்பாவின் முகம் வரவில்லை. அவரை வரவழைக்க எனக்குத் தைரியமில்லை.

ஒனோரினா இன்னும் உட்கார்ந்தே இருந்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. படம் அங்க போகவே இல்ல. அப்ப லோரிஸ் எதுக்குக் கூப்பிட்டான்?"

சில்வானோ ஆப்பிள் தோலைச் சுருட்டினார், விரித்தார்.

"நான்தான் சிஞ்ஞோரா. அன்னிக்கு உங்க வீட்டுலேர்ந்து வந்து சாயந்திரமே அவனுக்குப் போன் பண்ணினேன். 'டேய் கழுதை, உங்கம்மா உன் படத்தை அந்தோனியாருக்கு அனுப்பிட்டாங்க. அங்க சீக்காளிங்களோட உன் மூஞ்சியும் கெடக்குது. ஒரு வார்த்தை கூப்பிடு'ன்னேன். மூணு நாள் யோசிச்சிருக்கான்."

"நீ சொல்லவே இல்லியே!"

"என்னத்தச் சொல்றது? மூணு வருஷமா அவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. அடுத்தவங்க குடும்பத்துல தலையிடறதான்னு சும்மா இருந்தேன். நீங்க படத்தைக் குடுத்தனுப்பிட்டீங்கன்னு கேட்டதும் எனக்கு வெக்கமாப் போச்சு."

பிறகு சில்வானோ அந்த ஆப்பிளை மூன்றாக வெட்டி ஆளுக்கொரு துண்டு நீட்டினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. வாங்கித் தின்றோம்.

ஒனோரினா அடுத்த நான்கு நாளும் தேவைக்கு மட்டும்தான் பேசினார். தட்டில் சாப்பாடு இருந்தது. அவர் கண் என் தட்டில் இல்லை. திருநாள் பஸ்ஸில் தன் இரண்டு இடத்தையும் பிளாசிதோவுக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்துவிட்டார். ரொட்டியைப் பற்றி அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். பிளாசிதோ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைன்னு சொல்லு, இன்னும் ரெண்டு வாங்கணும்," என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. படம் கொடுத்த இரண்டு பெண்களுக்கும் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் வெளியே போனபோது ஒனோரினா தபால் பெட்டியருகே நின்றிருந்தார். மழையில் நாடா பிய்ந்து என் பெயர் கசிந்திருந்தது. அதை உரித்துவிட்டு, புதிதாக எழுதி, ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எழுத்து கலைஞ்சிருச்சு," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் வாசலைத் தாண்டவில்லை. நாட்கள் போயின. அறுபது, எழுபது, எண்பது. காலடிச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கும். வல்தெசீர் தகவல் அனுப்பினான்: 'உண்மைய ஏன் சொன்னீங்க? உங்கள மாதிரி பைத்தியத்த நான் பாத்ததில்ல, தோனா.' அடுத்த நிமிடமே இன்னொன்று: 'எனக்காகவும் கொஞ்சம் ஜெபிங்க.'

ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, லோரிஸ் வந்தான். ஜூலையில் ஐஸ்கிரீம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவன் என்று ஊரே கதவைத் திறந்து பார்த்தது. கூடவே அவன் மனைவி பீர்கிட், கையில் ஒரு கேக்கோடு, படியேறலாமா வேண்டாமா என்று நின்றாள். ஒனோரினா இரண்டு படி இறங்கிப் போய்க் கேக்கை வாங்கிக்கொண்டு, மறுகையால் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தன் படுக்கையை அவர்களுக்குக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மகனிடம் அந்த உறையைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லோரிஸ் தொப்பிப் பையனைப் பார்த்துச் சிரித்தான். பிறகு திருப்பினான். படித்தான். நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். ஒருதரம் படித்ததே அதிகம். சுவர் வழியே அவன் குரல் மட்டும் கேட்டது.

"இது அந்தோனியாருக்கு வேணாம்மா. இத நான் வச்சுக்கறேன்."

மறுநாள் காலை மூவரும் பதுவைக்குக் கிளம்பினார்கள். ஒனோரினா அந்த நீல உடுப்பைப் போட்டிருந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"உங்கிட்ட படம் ஏதாவது இருக்கா? வெறுங்கையோட போறேன்."

அனுமதிக்காக எடுத்ததில் மிஞ்சிய இரண்டு படம் இருந்தன. வெயிலில் மூக்குத் தோல் உரிந்த முகம். ஒன்றைக் கொடுத்தேன். பார்த்தார். "இந்த மூக்கோடவா?" என்றார். கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அது எண்பத்தேழாவது நாள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவர்கள் திரும்பி வரும்போது சூடாக இருக்கட்டும் என்று எங்கள் ஊர் முறையில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. மாவுக்கையோடு போய்த் திறந்தேன். சில்வானோ நின்றிருந்தார், தொப்பி கக்கத்தில்.

"சனிக்கிழமை," என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"சனிக்கிழமைதான். சிஞ்ஞோரா ஒனோரினா எங்க?"

"பதுவைக்குப் போயிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். புருவம் மெதுவாக மேலே போனது. "நிஜமாவா?"

"நிஜமா. லோரிஸும் அவன் பொண்டாட்டியும் கூடப் போயிருக்காங்க." என் முகம் கடற்கரையில் வெந்ததைவிட அதிகமாக வெந்தது.

உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, என் முகத்தை நேராக, நிதானமாக, ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறவராகப் பார்த்தார். தாளை எடுத்து எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'வீட்டில் இருந்தார். பார்த்தேன்.' அதே மூன்று வார்த்தை.

"திங்கட்கிழமை காலையில எட்டரைக்கு அந்த உறையோட வாங்க. ஒரு நாள் மிச்சம் இருக்கு."

நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காப்பி வைத்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி நான்கைத் தட்டில் வைத்து நீட்டினேன். சில்வானோ ஒன்றை எடுத்து, சூட்டில் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது எந்த ஸ்டேஷன்ல வாங்கினது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நானே சுட்டது, ஐயா," என்றேன்.

அவர் கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.